தேறிவிட்டாள்

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதும் டெய்லரம்மாவுக்கு நெஞ்சு திக்கென்றது. புருஷன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். முன்னறையில் தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவளோ அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள்.

அவர் முன்னறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மெஷினில் அவருடைய தங்கை உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் கால் நின்றது. மெஷினும் நின்றது.

"மெஷின் மிதிக்கிற அளவுக்கு வந்தாச்சா?" என்றார்.

"சும்மா உக்காந்திருக்க முடியலண்ணா. அண்ணி ஒத்த ஆளா கஷ்டப்படறாங்களேன்னு..."

அவர் பையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு மனைவியிடம் கேட்டார்: "எத்தனை நாளா நடக்குது இது?"

வீட்டுக்குள் கள்ளச் சாராயம் காய்ச்சுவதைக் கண்டுபிடித்தவர் போலிருந்தது அந்தக் கேள்வி. டெய்லரம்மா அடுப்பைத் தணித்தாள். "ஒரு வாரமாத்தான். கொஞ்ச நேரம் மிதிப்பா, அப்புறம் படுத்துக்குவா."

"மாடிப்படி ஏறுறாளாமே? பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க."

"துணி காயப்போட ஒரு தடவை ஏறினா."

"அப்ப தேறிட்டா," என்றார் அவர். தங்கை தேறியதைச் சொல்லும் அண்ணனின் முகமாக அது இல்லை. வாங்கிய சாமான் ஓட்டை என்று தெரிந்துகொண்டவரின் முகமாக இருந்தது.

அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவர். சுற்று வட்டாரத்தில் அவருக்கு மீட்டர்க்காரர் என்றுதான் பேர். எந்த வீட்டுக் கதவையும் தட்டி உள்ளே போகிற உத்தியோகம். எந்த வீட்டில் என்ன பேசினாலும் அவர் காதில் விழாமல் போகாது. ஊர் வாய்க்கு அவர் அஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கை ஆயுள் தண்டனைக் கைதி. புருஷனைக் கொன்றவள். அந்தக் கதை தெருவுக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். கல்யாணமான புதிதிலேயே அவன் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். முதல் தடவை அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தபோது மீட்டர்க்காரர் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை தானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். மூன்றாவது தடவை அவளுக்கு ஒரு காது கேட்கவில்லை. அப்போதும், "புருஷன் வீட்ட விட்டுட்டு வந்து எத்தனை நாளைக்கு இங்க இருப்ப? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று சொல்லி பஸ் ஏற்றினார். பஸ்ஸில் சாப்பிட டெய்லரம்மாதான் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நாலாவது தடவை அவள் வரவில்லை. போலீஸ் வந்தது. சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தானாம். கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியோடு திரும்பினாளாம். ஒரே அடி.

ஒன்பது வருஷம் உள்ளே இருந்தாள். அண்ணன் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அப்புறம் அவளுக்கு இதயம் வீங்கிப்போயிற்று. ரத்தத்தைத் தள்ளச் சக்தியில்லாமல் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். மூன்று மாதம் தாண்டினால் அதிசயம் என்று சிறை மருத்துவர் எழுதினார். பிழைக்க வழியில்லாத கைதியை விட்டுவிடலாம், ஆனால் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்பது விதி. அப்படித்தான் சிறை நலத்துறையிலிருந்து ஒரு அதிகாரி இந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

மீட்டர்க்காரர் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு ஒரு யோசனை வந்தது. மாட்டேன் என்று சொன்னது வெளியே தெரிந்தால், கூடப் பிறந்தவளை ஜெயிலிலேயே சாகவிட்டான் என்று பேசுவார்களே! இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "மூணு மாசம்தானே," என்று மனைவியிடம் சொன்னார். அந்தத் 'தானே' டெய்லரம்மாவின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அவளும் ஒன்றும் ஆசை ஆசையாக நாத்தனாரை வரவேற்கவில்லை. வயசுக்கு வந்த பெண் வீட்டில் இருக்கிறாள், துணி தைக்கக் கொடுக்க நாலு பெண்கள் வந்து போகிற வீடு, இதில் இது வேறயா என்றுதான் அலுத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து இறக்கிய உருவத்தைப் பார்த்ததும் அந்த அலுப்பு அடங்கிப்போயிற்று. முகம் ஊதி, கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கி, உதடு நீலம் பாரித்து, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

"பயப்படாதீங்க அண்ணி, ரொம்ப நாள் இருக்க மாட்டேன்," என்றாள் நாத்தனார், மூச்சு வாங்கிக்கொண்டே. விருந்தாளி சொல்கிற மாதிரி.

சிறையில் ஒரு வாரம் மாத்திரை வரும், மறு வாரம் வராது. எல்லோருக்கும் ஒரே அண்டாவில் பொங்கிய சாப்பாடு, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். டெய்லரம்மா பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தாள். உப்பில்லாமல் கஞ்சியும் காயும் தனியாகச் சமைத்தாள். முதுகுக்கு மூன்று தலையணை வைத்தாள்.

"இதுக்கு ஜெயில் சாப்பாடே தேவல அண்ணி," என்று நாத்தனார் மூஞ்சியைச் சுளிப்பாள். "வாயில எதையோ வச்ச மாதிரியும் இருக்கு, வைக்காத மாதிரியும் இருக்கு."

"வாய மூடிட்டு முழுங்கு."

"வாய மூடினா எப்படி முழுங்கறது?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மெல்ல மெல்ல நீர் வடிந்தது. ஒருநாள் காலையில் நாத்தனார் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இங்க வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள். கணுக்கால் எலும்பு தெரிந்தது. ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த சொந்தக்காரர் வந்துவிட்ட மாதிரி இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாதம் போய், ஐந்தாவது மாதமும் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்கு வங்கியில் வேலை. அவன் அம்மா வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனாள். போகும்போது, "உள்ரூம்ல படுத்திருக்காங்களே, அவங்க..." என்று இழுத்தாள். "என் தங்கச்சி. ரொம்ப முடியாம இருக்கா. இன்னைக்கோ நாளைக்கோ," என்று மீட்டர்க்காரர் முந்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு ஒரு காதுதான் கேட்காது. இன்னொன்று நன்றாகக் கேட்கும்.

தெருச் சங்கத் தலைவரும் சும்மா இருக்கவில்லை. அவர் மூலைவீட்டுக்காரர். சுவர்த் தகராறில் பக்கத்து வீட்டுக்காரனைக் கத்தியால் குத்திவிட்டு உள்ளே போய் வந்தவர். வெளியே வந்த அன்றைக்குக் கழுத்தில் மாலை போட்டுக் கூட்டி வந்தார்கள். அடுத்த வருஷமே தலைவர் ஆக்கினார்கள். அவர்தான் மீட்டர்க்காரரின் தோளில் கை போட்டு, "சாகிற வரைக்கும்னா சரி. நடமாட ஆரம்பிச்சிட்டா தெருவுக்கு அது நல்லா இல்லீங்க. பொம்பளைங்க பயப்படுறாங்க," என்று சொன்னார்.

மெஷின் மிதிப்பதைப் பார்த்த அந்த வாரமே மீட்டர்க்காரர் ஒரு காரியம் செய்தார். நலத்துறை அதிகாரி வாரா வாரம் வந்து கைதி வீட்டில்தான் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார். சாதுவான மனிதர், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அவரை வாசலிலேயே மடக்கி, "சார், அவ நல்லா தேறிட்டா. மாடிப்படி ஏறுறா. மெஷின் மிதிக்கிறா. மறைக்கக் கூடாதில்ல, நானும் ஒரு அரசு ஊழியன்," என்றார்.

டெய்லரம்மா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். "தேறினா நல்லதுதானே சார்? அதுக்கு என்ன?"

அதிகாரி தர்மசங்கடமாகத் தரையைப் பார்த்தார். "இல்லம்மா. சாகப்போறவங்கன்னுதான் வெளிய விட்டிருக்கு. தேறிட்டாங்கன்னா திரும்ப உள்ள அனுப்பிடணும். விதி அப்படி. பத்து நாள்ல மெடிக்கல் போர்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. அவர் பார்த்துச் சொல்லட்டும்."

"உள்ள போனா மறுபடியும் வீங்கிடுவாளே சார்?"

"வீங்கினா மறுபடியும் மனு போடலாம்," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அவர் போன பிறகு டெய்லரம்மா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன மனுஷன்? அவ உசுரோட இருக்கிறது உங்களுக்கு உறுத்துதா?"

"நான் என்ன அவ சாகணும்னா சொன்னேன்?"

"வேற என்ன சொன்னீங்க? இங்க இருந்தா சாகணும். பொழைச்சா ஜெயிலுக்குப் போகணும். வேற என்ன சொன்னீங்க?"

"உனக்குப் பொண்ணு வேணுமா, நாத்தனார் வேணுமா?" என்றார் அவர். "நல்ல இடம் தேடி வந்திருக்கு. ஜெயில்காரி நடமாடுற வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்?"

அதற்கு அவளால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்ல முடியாமல் போனதை நினைத்து அப்புறம் ரொம்ப நாள் மனம் வெந்தாள்.

மறுநாள் கஞ்சி கொண்டுபோனபோது நாத்தனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "அண்ணி, இதுல ஒரு கை உப்பு போடுங்களேன்."

"என்ன கேக்குற?"

"பத்து நாள் உப்பு தின்னா பழையபடி வீங்கிடுவேன். டாக்டர் பார்த்தா, அய்யோ பாவம்னு விட்டுருவார். அப்புறம் நிறுத்திக்கலாம். நீங்கதான் ஒரு தடவை தேத்திட்டீங்களே, இன்னொரு தடவை தேத்த மாட்டீங்களா?"

"பைத்தியமா உனக்கு? உன் நெஞ்சு என்ன ரப்பரா, இழுத்துவிட்டுப் பழையபடி சுருங்க?"

"அங்க போனாலும் அதேதான் நடக்கும். அங்க வீங்கினா தேத்த ஆளில்ல." நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மூணு தடவை இந்த வீட்டுலேர்ந்து என்னத் திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணி. நாலாவது தடவையும் போகணுமா?"

டெய்லரம்மா முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். தைத்த சட்டைகளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்க அந்த வாரம் அடிக்கடி வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போதெல்லாம் நாத்தனார் ஒன்றும் தெரியாதவள் போல் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒருநாள் அவள் காலைப் பிடித்துவிடும்போது டெய்லரம்மாவின் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. கணுக்கால் எலும்பைக் காணோம். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். நீரை வடிக்கும் மாத்திரைகள் ஒரு துணியில் முடிந்து கிடந்தன. அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தாள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேல் தட்டில் ஏற்றி வைத்திருக்கலாம். பூட்டி வைத்திருக்கலாம். கையைப் பிடித்து மாத்திரையை வாயில் போட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் நாத்தனார் பிழைப்பாள். பிழைத்ததற்குத் தண்டனையாக ஜெயிலுக்குப் போவாள். டெய்லரம்மா ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மருத்துவமனைக்கு மீட்டர்க்காரரும் வந்தார். நடக்க முடியாத தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. போர்டு டாக்டர் இளவயதுக்காரர். காலை அமுக்கிப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், புருவத்தை நெரித்தார்.

"தேறிட்டாங்கன்னு யார் சொன்னது?"

மீட்டர்க்காரர் முன்னால் வந்தார். "போன வாரம் வரைக்கும் நல்லா..."

"இந்த மாதிரி நோயில அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் நல்லா இருப்பாங்க, மறு வாரம் இறங்கிடும். உள்ள அனுப்புற நிலைமையில இல்ல. இன்னும் ஆறு மாசத்துக்கு எழுதித் தரேன்."

ஆட்டோவில் திரும்பும்போது நாத்தனார் டெய்லரம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். பேச மூச்சில்லை. ஆனாலும் காதோரம் முணுமுணுத்தாள்: "அண்ணி... பரீட்சையில ஃபெயிலாகிப் பாஸானது நான் ஒருத்திதான்."

அன்றைக்கே உப்பை நிறுத்தினார்கள். மாத்திரை வேளைக்கு வேளை உள்ளே போனது. டெய்லரம்மா தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தாள். ஆனால் இந்தத் தடவை நீர் வடியவில்லை. வயிறு வரைக்கும் ஏறியது. மருத்துவமனையில் சேர்த்துவிடலாம் என்றதற்கு நாத்தனார் தலையை ஆட்டி மறுத்தாள். "இங்கேயே இருக்கேன். ஆறு மாசம் குடுத்திருக்காங்கல்ல," என்றாள்.

ஆறு நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு மத்தியான நேரம், மகள் நீட்டிய தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

தெரு முழுக்க வந்தது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் முன்னறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூலைவீட்டுக்காரர் மீட்டர்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த அண்ணன் இந்தக் காலத்துல செய்வான்? கடைசி வரைக்கும் வச்சுப் பார்த்தீங்களே, நீங்க மனுஷன்!" என்றார். மீட்டர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்க் கண்ணீர் இல்லை, நிஜமாகவே அழுதார். அதைத்தான் டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை. நலத்துறை அதிகாரியும் வந்து, "நல்லபடியா வீட்ல, சொந்தக்காரங்க மத்தியில உயிர் போச்சு. இந்தக் குடுப்பினை எல்லாருக்கும் கிடைக்காதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சில வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா, தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்தாள். மீட்டர்க்காரர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பாவம், கஷ்டப்படாம போய்ச் சேர்ந்துட்டாங்க," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "வெளிப்படையாச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அவங்க இருந்தப்ப எங்க வீட்ல கொஞ்சம் யோசிச்சாங்க. இனி என்ன? நாள் பார்த்துடலாம்."

"அதுக்கென்ன, தாராளமா," என்றார் மீட்டர்க்காரர். "நோய் முத்திப் போச்சு. நம்ம கையில என்ன இருக்கு?"

சுவரோரம் நின்றிருந்த டெய்லரம்மா முன்னால் வந்தாள். "நோயில சாகலைங்க," என்றாள். "அவ தேறிட்டா. தேறினதாலதான் செத்தா."

"ஏய், உள்ள போ," என்றார் மீட்டர்க்காரர்.

"போறேன். சொல்லிட்டுப் போறேன்." அவள் குரல் உயரவில்லை. விருந்தாளியின் முகத்தைப் பார்த்தே பேசினாள். "புருஷன் அடிச்சான்னு இங்க ஓடி வந்தா. நாங்க திருப்பி அனுப்பினோம். நான்தான் பொட்டலம் கட்டிக் குடுத்தேன். அவ கொலைகாரி ஆனதுல எங்களுக்கும் பங்கு இருக்கு. அப்புறம் சாகத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். பொழைச்சுக்கிட்டா. திரும்ப ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தோம். போக மாட்டேன்னு உப்பத் தின்னே செத்துப் போனா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். அவள் தம்பி செருப்பைத் தேடிக் காலால் தரையைத் துழாவினான்.

"எம் பொண்ண உங்க வீட்டுக்கு அனுப்பறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல," என்று டெய்லரம்மா தொடர்ந்தாள். "உங்க பையன் நல்ல பையன்னுதான் கேள்விப்பட்டேன். ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். அங்க இருக்க முடியலன்னு எம் பொண்ணு என்னைக்காவது திரும்பி வந்தா, இந்த வீட்டுலதான் இருப்பா. யாரும் சமாதானம் பேசிக் கூட்டிட்டுப் போக முடியாது. அதுக்குச் சம்மதம்னா நாள் பாருங்க."

"கல்யாணப் பேச்சு முடியறதுக்குள்ளயே பொண்ணு திரும்பி வர்றதப் பத்திப் பேசற வீட்ட நான் பார்த்ததே இல்ல," என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள்.

"நாங்களும் பேசினதில்லைங்க. பேசியிருந்தா ரெண்டு உசுரு மிஞ்சியிருக்கும்."

அவர்கள் போய்விட்டார்கள். வாசல்வரை பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லிப் பார்த்த மீட்டர்க்காரர் திரும்பி வந்து நடு அறையில் நின்றார். "குடியக் கெடுத்துட்டியே," என்றார். "இனிமே எவன் இந்த வீட்டு வாசப்படி மிதிப்பான்? பொண்ணு வாழ்க்கைய நீயே..."

உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜையில் ஆறிக்கொண்டிருந்த டம்ளர்களை எடுத்தாள்.

"குடிக்கவே இல்லம்மா அவங்க," என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டிருந்த நாற்காலியில் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். மூன்றாவதாக அந்த அறையில் நாற்காலி எதுவும் இல்லை. மீட்டர்க்காரர் நின்றுகொண்டே இருந்தார்.